டோசர்காரர் போட்ட தரை

இந்தக் காலத்து ஆட்களுக்கு மண் என்றாலே பயம். கைக்கு ஒரு உறை, காலுக்கு ஒரு உறை, மூஞ்சிக்கு ஒரு மூடி. ஒரு கரண்டி மண்ணை எடுத்துப் புட்டியில் போட நாலு பேர். ஒருவன் அள்ளுகிறான், ஒருவன் புட்டியைப் பிடிக்கிறான், ஒருவன் எழுதுகிறான், நாலாமவன் அந்த மூன்று பேரையும் செல்போனில் படம் எடுக்கிறான். அந்த இடத்தைப் பற்றித் தெரிந்த மனுஷன் பத்தடி தள்ளி நின்றாலும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். மெஷினைத்தான் கேட்பார்கள்.

பூங்காவைச் சுற்றி அடித்திருந்த தகரத்தின் இடுக்கு வழியாக டோசர்காரர் இதை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்டோசரை விட்டு இறங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பூங்கா இருக்கிற இடம் அப்போது குப்பை மேடு. லாரிகள் கொட்டியதைத் தள்ளி, நிரவி, அழுத்தி, மேலே மண்ணைப் போட்டு மூடுவது அவர் வேலை. பதினாறு வருஷம் செய்தார். பிறகு மேட்டுக்குப் புல்லைப் போர்த்தி, ஊஞ்சலும் சறுக்குமரமும் நட்டு, பூங்கா என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

போன வருஷம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈயம் இருந்தது. பூங்கா மண்ணிலும் அதே ஈயம். கிழக்குச் சுவரை ஒட்டிய வரிசையில் மூன்றாவது வீடு அவருடைய மகளின் வீடு. பேத்திக்கு மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு. ஐந்து வயதுக் குழந்தை, மாடிப்படி ஏறினால் பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அதற்குத்தான் இந்தச் சுத்தம். மேலே கிடக்கிற குப்பை மண்ணை வெட்டி எடுப்பது, கீழே பழைய தரை வந்ததும் நிறுத்துவது, நல்ல மண்ணைக் கொட்டிப் பூங்காவைத் திறப்பது. அன்று காலையில் துளை போடுகிற ஆள் குழாயை உருவினான். நுனியில் சாம்பல் நிறத்தில் களிமண் ஒட்டியிருந்தது.

"தரை தட்டியாச்சு மேடம். ஆறடியில ஒரிஜினல் மண்ணு."

டோசர்காரர் தகர இடுக்கில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். அது தரை இல்லை. அவர் போட்டது.

அந்த நாளில் தொழிற்சாலை லாரிகள் மூடிய பீப்பாய்களோடு வரும். கேட்டில் பதிய மாட்டார்கள். மேஸ்திரி கை காட்டிய இடத்தில் இவர் பள்ளம் வெட்டுவார். பீப்பாய்களை உருட்டிவிட்டதும் மேலே களிமண்ணைக் கொட்டி நாலடி கனத்துக்கு இறுக்குவார். அதற்கு மேல் வழக்கமான வீட்டுக் குப்பை. சோதனைக்கு வருகிற அதிகாரி கம்பியை இறக்கினால் குப்பையைத் தாண்டியதும் டங்கென்று நிற்கும். அடித்தரை வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆட்கள் அதைக் கள்ளத்தரை என்றார்கள். மற்ற டிரைவர்கள் போட்டதில் அங்கங்கே கம்பி இறங்கிவிடும். இவர் போட்டதில் ஒரு நாளும் இறங்கியதில்லை. மேஸ்திரி முதுகில் தட்டிக்கொடுப்பார். இவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

நேரே இந்த வேலையை நடத்துகிற என்ஜினியரம்மாவிடம் போனார். அவருடைய ஆபீஸ் ஓர் இரும்புப் பெட்டி. ஏசியிலிருந்து ஒழுகுகிற தண்ணீருக்குக் கீழே வாளி, மூலையில் சேறு காய்ந்த பூட்ஸுகள், ஒரே மேசையில் மண் புட்டிகளும் பிஸ்கட் டப்பாவும். ஐம்பதை எட்டிய பொம்பளை. டோசர்காரர் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. எத்தனை பீப்பாய் என்று மட்டும் கேட்டார். நாற்பத்திரண்டு என்றார் இவர்.

"ஏதாவது பேப்பர் இருக்கா ஐயா?"

"பேப்பர் இருந்தா அது எப்படிம்மா கள்ளத்தரை? நல்ல தரைன்னு பேர் வச்சிருக்க மாட்டோமா?"

என்ஜினியரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. ஆறடிக்குத்தான் அனுமதி, அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் மேலிடத்துக்கு ஒரு காரணம் காட்ட வேண்டும், நீங்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

அங்கேதான் டோசர்காரர் பின்வாங்கினார். முன்பு குப்பை மேட்டைப் பற்றி ஒரு விசாரணை நடந்தது. வீட்டுக் குப்பையைத் தவிர வேறெதுவும் அங்கே புதைக்கவில்லை என்று டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுதப் படிக்க அரைகுறைதான், ஆனால் அந்தத் தாளில் என்ன இருந்தது என்று தெரியாமல் போடவில்லை. கையெழுத்து, போட்டவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் உதவும் என்பது அவர் அனுபவம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார்.

"யோசிங்க. திங்கக்கிழமை நல்ல மண்ணு கொட்ட ஆரம்பிச்சிருவோம்," என்றார் என்ஜினியரம்மா.

மகள் வீட்டுக்குப் போனபோது அவள் ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினம் இரண்டு முறை துடைக்கிறாள். முழங்கால் இரண்டும் கறுத்துப் போயிருந்தன. ஆனால் அன்று முகத்தில் ஒரு தெளிச்சி. அடுத்த மாதம் பூங்காவைத் திறக்கப்போகிறார்களாம், வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தார்களாம். குழந்தை ஒரு வருஷமாக நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கிறது, இனிமேலாவது வெளியே ஓடும் என்றாள்.

அங்கே அனுப்பாதே என்றார் அவர்.

"உங்களுக்கு யார் மேலதான்பா நம்பிக்கை இருந்திருக்கு? பால்காரன் மேல இல்ல, பஸ் கண்டக்டர் மேல இல்ல. என் கல்யாணத்துல போட்டோக்காரன் ஃபிலிம் போடாமலே எடுக்கிறான்னு அவன்கிட்ட சண்டைக்குப் போனீங்க."

அதற்கு மேல் மென்று விழுங்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பீப்பாய், களிமண், கையெழுத்து. அவள் துணியை வாளியில் போட்டாள். பிழியவில்லை.

"இந்த வீட்டைப் பாத்து, நல்ல இடம், வாங்கிக்கோன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"என் தரை தாங்கும்னு நினைச்சேன்மா."

"அப்ப விஷம் எப்படி மேல வந்துச்சு?"

அதை அவர் என்ஜினியரம்மாவிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை. இப்போது மகளிடம் சொன்னார். கிழக்கு ஓரத்தை மூடிய அன்று மழை. ஈரக் களிமண் இறுகாது, வழுக்கிக்கொண்டே போகும். இரண்டு நாள் காயவிட்டு அழுத்த வேண்டும். மறுநாள் காலையில் சோதனை, இன்றைக்கே முடி என்றார் மேஸ்திரி. இவர் வண்டியைப் பின்னால் எடுத்து, மண் தள்ளுகிற தகட்டின் முதுகால் இழுத்து இழுத்து மெழுகிவிட்டார். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. உள்ளே வெடிப்பு விட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கிழக்கு ஓரத்துக்கு நேர் மேலேதான் இப்போது இந்த வரிசையின் பின்சுவர் நிற்கிறது.

மகள் உள்ளே போய்ப் பிள்ளையின் துணிகளை ஒரு பையில் அடைத்தாள். நகரத்தின் மறு கோடியில் நாத்தனார் வீடு இருந்தது. குழந்தை தாத்தாவிடம் தாவப் பார்த்தது, இவள் மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கதவைப் பூட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஊர்ல அத்தனை பேரையும் சந்தேகப்பட்டீங்களேப்பா. உங்க ஒருத்தரை விட்டுட்டீங்களே."

மறுநாள் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டார். மழையையும் எழுதச் சொன்னார். எழுதியதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பேனாவைத் தொட்டார். மண் கொட்டுகிற வேலை நின்றது. மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது, ஒரே ஒரு துளைக்கு.

துளை மெஷின் கிழக்கு ஓரத்துக்குப் போகவில்லை. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் சாக்கடை, நுழைய இடமில்லை. பூங்காவின் நடுவில் வைத்துப் போட்டார்கள். மணிக்கட்டு கனமுள்ள குழாய் அது. தோண்டுகிற வண்டியைக் கொண்டுவந்து முழுசாகத் திறந்து பார், இதென்ன ஊசி குத்தி விளையாட்டு என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருவர் அவரைத் தோளைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தார். பத்தடி தாண்டியதும் குழாய் கறுப்பாக மேலே வந்தது. பழைய பேட்டரியையும் பெயிண்டையும் சேர்த்துக் கருக்கிய மாதிரி நாற்றம். குழாய்க்காரன் இரண்டு எட்டுப் பின்னால் போனான். மெஷின் சொன்னதைவிடத் தான் சொன்னது சரியாகிவிட்டதில் டோசர்காரருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷம் அதை நினைத்து அருவருப்பாக இருந்தது.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. என்ஜினியரம்மா அவரை அழைத்து உட்காரவைத்துச் சொன்னார். விஷம் இருக்கிறது. ஆனால் அந்த ஆழத்தில் அவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்கிறது விதி. அதோடு, மேலே நாலடிக் களிமண் கெட்டியாக, விரிசல் இல்லாமல் மூடி நிற்கிறது, மிக நேர்த்தியான பாதுகாப்பு, அதைக் கலைக்கவே கூடாது என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். பீப்பாய்கள் கிடக்கிறபடியே கிடக்கும். பூங்கா திறக்கும். தான் இன்னும் பத்துத் துளை கேட்டதாகவும் கொடுக்கவில்லை என்றும் என்ஜினியரம்மா குனிந்தபடி சொன்னார்.

முப்பது வருஷத்துக்குப் பிறகும் அவர் வேலையை ஒருவர் மெச்சியிருக்கிறார்.

என்ஜினியரம்மா ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். மகள் தன்னோடு பேச்சை நிறுத்திவிட்டதை டோசர்காரரே ஒரு நாள் இங்கே உட்கார்ந்து சொல்லியிருந்தார்.

"இது பூங்காவுல ஆபத்தில்லைன்னு குடுத்த சான்றிதழ் நகல். உங்க பொண்ணுகிட்ட காட்டுங்க. முத்திரை இருக்கு, பெரிய அதிகாரி கையெழுத்து இருக்கு. இதைப் பாத்தா நம்பி வீட்டுக்கு வந்துருவாங்க. உங்ககிட்டயும் பேசுவாங்க."

அவர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். நீல முத்திரை. இதைக் கொண்டுபோய் நீட்டினால் போதும். மகள் தாள்களை நம்புகிறவள். சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பேத்தி மடியில் ஏறும்.

"இதுல மழை இருக்காம்மா?"

"எது ஐயா?"

"கிழக்கு ஓரம். நான் எழுதிக் கொடுத்தேனே."

"அது இணைப்புல இருக்கு. கடைசிப் பக்கம்."

"அப்ப முன்னாடி இல்ல."

என்ஜினியரம்மா ஒரு மண் புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினார்.

டோசர்காரர் தாளை மேசையிலேயே வைத்தார். ஏசிக் காற்றில் பறக்காமலிருக்க பிஸ்கட் டப்பாவைத் தூக்கி அதன் மேல் வைத்தார். உங்களைக் குறை சொல்லவில்லை என்றார், ஆனால் என் பொண்ணு அங்கேயே இருக்கட்டும் என்றார். நாத்தனார் வீட்டுக்குப் போய், உள்ளே விடாவிட்டாலும் தெருவில் நின்றாவது, வராதே என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

வெளியே லாரிகள் வரிசையாகச் செம்மண் கொட்டிக்கொண்டிருந்தன. குழாய்க்காரன் அவரைப் பார்த்துவிட்டு, நல்ல மண்ணு ஐயா, கையில எடுத்துப் பாருங்க என்றான். எங்கேயிருந்து வெட்டினது என்று கேட்டார். அது தெரியலையே என்றான் அவன். டோசர்காரர் தலையை ஆட்டிவிட்டு, தகரக் கேட்டைத் தாண்டி பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.