நாகலெட்சுமியின் லீக்ஸ் பாத்தி

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மடைப் பலகையைத் தூக்கிவிட்டால் ஓடைத் தண்ணீர் கான் வாய்க்காலில் இறங்கிச் சின்னக் கரண்ட் எந்திரத்தைச் சுழற்றும். லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஒரே நேரத்தில் பல்பு எரியும். தொண்ணூற்றாறில் மழை ஏமாற்றி, நாடே கரண்ட் வெட்டில் கிடந்தபோதும் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் மட்டும் வெளிச்சம். எந்திரம் என் பொறுப்பு, லைட்டுச் சங்கத் தலைவி என் பெண்சாதி நாகலெட்சுமி. எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. இன்று அரசாங்க லைன் வந்து வீடே பளீரென்று இருக்கிறது. ஆனாலும் அந்த மங்கல் வெளிச்சத்துக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

அந்த வருஷம் மாசி பிறந்ததும் ஓடையும் மெலிந்தது. சங்கம் கூடியது.

"வீட்டுக்கு ஒரு பல்புதான். கானுத் தண்ணிய யாரும் மரக்கறிப் பாத்திக்குத் தொடக்கூடாது. தொட்டா அந்த வீட்டு வயர அறுத்துருவோம்" என்றாள் நாகலெட்சுமி.

அடி முதலில் எங்களுக்குத்தான். லயத்துக்குப் பின்னால் அவள் வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் போட்டிருந்தாள். அதை விற்றுத்தான் ஓட்டைக் கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டும். போன மழைக்குப் படுக்கையைச் சுற்றிச் சட்டி வைத்துக்கொண்டு தூங்கியவள். கொழுந்தெடுத்துவிட்டு வந்து கூடையைக்கூட இறக்காமல், வாடிய பாத்தியைப் பார்த்தபடி நிற்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் காலையில் எந்திரத்தை நிறுத்தப் போகும்போது கானிலிருந்து மூன்று வாளி மொண்டு ஊற்றினேன். மிச்சத் தண்ணீர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லார் பாத்தியும் மஞ்சளாகக் காய்ந்து கிடக்க, எங்களுடையது மட்டும் பச்சையாக நின்றால் ஊருக்குத் தெரியாதா? அது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டு இராமையாதான் கேட்டான். "அக்கா, ஒங்க பாத்தி மட்டும் செழிப்பா இருக்கே?"

நாலு பேர் நின்றார்கள். அவள் பாத்தியில் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். நான் அங்கேயேதான் நின்றேன். நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவள் குனிந்து லீக்ஸைப் பிடுங்க ஆரம்பித்தாள். விரல் தடிமன்கூட வந்திருக்கவில்லை.

"விடுங்கக்கா, சும்மாதான் கேட்டேன்" என்று இராமையா பதறினான். அவள் கேட்கவில்லை. ஒன்றுவிடாமல் பிடுங்கி, பிடி பிடியாகக் கட்டி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வைத்துவிட்டு வந்தாள்.

"நம்ம வீட்டுக்கு?" என்றேன்.

"நம்ம பங்கத்தான் தண்ணியா எடுத்துக்கிட்டோமே."

என்னைப் பார்க்காமலே அடுத்ததையும் கேட்டாள். "வயர நீங்க அறுக்கிறீங்களா, இராமையாவக் கூப்பிடவா?"

நானே அறுத்தேன். இருட்டியதும் லயமெங்கும் லீக்ஸ் வதக்கும் வாசனை. பக்கத்து வீட்டு வெளிச்சம் எங்கள் வாசற்படியில் பாதிவரை வந்து விழுந்தது. அவள் அந்தப் பாதியில் உட்கார்ந்து, நகத்துக்குள் போன ஈரமண்ணை ஈர்க்குச்சியால் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.