ஏழாம் எண் குடுவை

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 13, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, எங்கள் நகராட்சி மண்டபத்தில் நடைபெற்ற ஆரஞ்சுப் பூநீர்ப் போட்டியில், பெயர் ஒட்டப்படாத பதினான்கு குடுவைகளுள் ஏழாம் எண்ணுக்கு முதற்பரிசு வழங்கினேன். அதில் இருந்தது ஆரஞ்சுப் பூநீர் அன்று. ஜெரேனிய இலையில் வடித்த நீர். துனீசியாவின் இந்தக் கரையில் பால்குடி மறந்த குழந்தைகூட இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும். ஒன்று காப்பிக்கு, மற்றது பலகாரத்துக்கு. எனக்கு வயது எழுபத்திரண்டு. முப்பத்தோர் ஆண்டுகளாக இவ்வூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியர். பத்தொன்பது ஆண்டுகளாக இப்போட்டியின் தலைமை நடுவர்.

ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது என் மோப்பத்தையும் கொண்டுபோயிற்று. ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் தனியே வாழ்கிறவள். தலைநகரில் பொறியாளனாக இருக்கும் என் மகன் அனீஸ், என்னை அங்கே அழைத்துக்கொள்ள இரண்டாண்டுகளாகக் காரணம் தேடுகிறான். அடுப்பில் எரிவாயு கசிந்தாலும் அறியாத தாய் என்பதைவிட நல்ல காரணம் அவனுக்குக் கிடைக்காது. அதன்பின் பத்திரிகை இல்லை, நூலகக் குழு இல்லை, செவ்வாய்தோறும் பெண்களுக்கு நடத்தும் எழுத்து வகுப்பு இல்லை; மார்ச் மாத இறுதியில் முற்றத்தில் செம்புப் பாத்திரம் ஏற்றிப் பூநீர் வடிப்பதும் இல்லை. இவ்வாண்டும் வடித்தேன். மணம் சொல்ல வேண்டிய பதத்தைக் கடிகாரத்திடம் கேட்டு இறக்கினேன். வழக்கம்போல் பதினொரு வீடுகளுக்கு அனுப்பினேன். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு சொல்லும் வரவில்லை.

போட்டியன்று தெளிவையும், மேலே மிதந்த எண்ணெய்ப் படலத்தையும் பார்த்து முடிவு செய்தேன். மற்ற நடுவர் இருவரும் நான் தலையசைத்த பிறகு முகர்வதுபோல் குனிந்து கையெழுத்திடுவதே வழக்கம். ஏழாம் எண் ஃபாயிக்காவினுடையது. கடைத்தெருவில் பூநீர் விற்கும் கைம்பெண். அலமாரியிலிருந்து தவறான குடுவையை எடுத்து அனுப்பியிருக்கிறாள். தலைநகர வசந்தச் சந்தையில் கடை போட ஓர் இடம் பரிசு. திங்களன்று மகிழ்ச்சியில் அண்டை வீட்டார் அனைவரையும் அழைத்து, பரிசு பெற்ற குடுவையிலிருந்தே காப்பியில் ஊற்றிக் கொடுத்தாள். அத்துடன் ஊர் அறிந்தது.

புதன்கிழமை எங்களுக்கு அச்சு நாள். பக்க வடிவமைப்பாளர் நூரி கணினி முன் அமர்ந்திருந்தார். என் அண்டை வீட்டு ஹலூமா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"என்ன மன்னூபியா, இந்த வாரம் முதல் பக்கத்துல ஃபாயிக்கா படம்தானே? வாரா வாரம் நீ போடற அவ மச்சான் கடை விளம்பரத்துக்குப் பக்கத்துலயே போட்டுடு. ஜோடிப் பொருத்தமா இருக்கும்."

"உட்காரு."

"உட்கார வரல. மூணாம் நம்பர் என்னோடது. நாப்பது வருஷமா வடிக்கிறேன். தோத்தா தோத்துட்டுப் போறேன், போயும் போயும் ஜெரேனியத்துக்கிட்டயா? ஃபாயிக்கா வாசல்ல எவனோ ஜெரேனிய இலைக் கட்டு ஒண்ணத் தொங்கவிட்டிருக்கான். ரெண்டு நாளா கடை திறக்கல அவ. நீ காசு வாங்கினியாம், அவ குடுத்தாளாம்."

நூரி என்னை மரியாதையாக 'லல்லா' என்றே அழைப்பார். திரும்பாமலே சொன்னார்: "லல்லா, ரெண்டு மணிக்கு அச்சகத்துக்குப் போயாகணும். 'நடுவர் தீர்ப்பே இறுதியானது'ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. உங்ககிட்ட வந்து யாரு கேப்பாங்க?"

உண்மைதான், ஒருவரும் கேட்கமாட்டார்கள். கையூட்டு வாங்கிய கிழவி தன் வீட்டிலேயே இருந்து சாகலாம். மோப்பம் இழந்த கிழவிக்கு அது வாய்க்காது. நேர்மையற்றவள் என்ற பெயரே எனக்கு வசதியானது என்று ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன். அந்த நிமிடத்துக்காக வெட்கப்படுகிறேன்.

ஹலூமா பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்துத் திறந்து என் முன் நீட்டினாள். "மோந்து பாரு. என்னன்னு சொல்லு. சொல்லிட்டா நான் போயிடறேன்."

குப்பியை மூக்கருகே வைத்தேன். கண்ணாடியின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. படலமும் இல்லை, நிறமும் இல்லை. நூரியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன.

"தெரியல," என்றேன்.

ஹலூமா அமர்ந்தாள். "வினிகர்டி அது." குப்பியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "எப்போலேருந்து?" என்றாள்.

"ஜனவரி."

"அப்போ அடுப்பு?"

"தினம் மூணு தடவை திருகிப் பாத்துட்டுத்தான் படுக்கறேன்."

"நீ அனுப்பின பூநீர் ஒரே தீய்ஞ்ச வாடை. வாயில வைக்க முடியல. நான்தான் வீடு வீடாப் போய், வயசாச்சு அவளுக்கு, காட்டிக்காதீங்கன்னு சொன்னேன்." குப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள். "இதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அனீஸ் காதுக்குப் போச்சுன்னா மறுநாளே மூட்டை கட்டிடுவான்."

"ஃபாயிக்கா?"

நாற்காலியை நூரியின் பக்கம் திருப்பினேன்.

எங்கள் பத்திரிகையில் பிழை நேர்ந்தால் திருத்தம் முதற்பக்க உச்சியில், பிழை செய்தவர் பெயருடன் வரும். அவ்விதியை வகுத்தவள் நான். இறந்தவர் ஒருவரின் வயதை ஓராண்டு குறைத்ததற்காக நூரியின் பெயரை அவர் திருமண வாரத்திலேயே அச்சிட்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல எழுதும்படி அவரிடம் கூறினேன். காரணத்தைச் சொன்ன இடத்தில் அவர் நிறுத்தினார்.

"லல்லா, 'உடல்நலக் குறைவு'ன்னு மட்டும் போடட்டுமா?"

"எந்தக் குறைவுன்னு போடுங்க. இல்லாட்டி இன்னொன்ன நினைச்சுக்குவாங்க."

வியாழக்கிழமை இதழில் திருத்தம் வெளிவந்தது. இரவு ஏழு மணிக்கு அனீஸ் தொலைபேசியில் பேசினான், குரலை உயர்த்தவில்லை. போட்டிக் குழு கூடி, முதற்பரிசை மூன்றாம் எண்ணுக்கு மாற்றியது. ஃபாயிக்கா தவறிழைக்கவில்லை என்று எழுத்தில் பதிவு செய்து, சந்தையில் ஹலூமாவின் இடத்திலேயே ஒரு மூலையை ஜெரேனிய நீர் விற்பதற்காக அவளுக்கு ஒதுக்கியது. அவள் கடை சனிக்கிழமை திறந்தது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் நான் தலைநகர் செல்வதென்றும், பத்திரிகையை நூரி நடத்துவதென்றும் முடிவாயிற்று. அனீஸ் சொன்னபடி என் வீட்டு எரிவாயு உருளையை வெள்ளியன்றே எடுத்துச் சென்றுவிட்டார்கள். அதுவரை சமைத்த உணவு ஹலூமா வீட்டிலிருந்து வரும். அதில் எனக்குத் தெரிவது உப்பு மட்டுமே.