நிறம் முடிவாகாத கதவு

கோதுமை விளையும் சிற்றூரான வாரிப்பாவில் மெர்வ் பென்ரோஸ் இன்னும் சாகாததற்கு ஒரே காரணம், தீயணைப்புக் கொட்டகையின் கதவுக்கு இதுவரை பெயிண்ட் அடிக்கவில்லை என்பதுதான். இருபத்துமூன்று வருடங்களுக்கு முன்பு, கோதுமை விலை இறங்கிக் கிடந்த வருடம், டாக்டர் அவருடைய நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு ஈஸ்டர்வரை தாங்கும் என்று சொல்லியிருந்தார்.

அதே மாதம்தான், சனிக்கிழமைதோறும் ஊரே கூடிக் கூலியில்லாமல் தீயணைப்பு வண்டிக்குக் கொட்டகை கட்டுவது என்று முடிவானது. வேலைத் திட்டம் போடும் பொறுப்பு மெர்வின் மனைவி நெரிடாவின் தலையில் விழுந்தது. அவள் அதுவரை ஒரு கேக் விற்பனைக்குக்கூடத் திட்டம் போட்டவளில்லை. கசாப்புக் கடைத் தாளைச் சமையலறை மேசையில் விரித்து, வேலைகளை வரிசையாக எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சனிக்கிழமை என்று விசாரித்துக் கட்டம் நிரப்பினாள். எது முடிந்தால் எது தொடங்கும் என்று அம்புக்குறி போட்டாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆளின் பெயரை எழுதினாள். மெர்வ் கூரையில் ஏறிவிடக் கூடாதே என்று அவர் பெயரைக் கடைசி வரியில், ஜூன் மாதக் கதவுக்கு எதிரே போட்டாள். ஜூனில் அவர் இருக்கமாட்டார் என்று தெரிந்தே எழுதியதால் அந்த எழுத்து மட்டும் கோணலாக இருக்கிறது.

திட்டத்தின் குணம் மார்ச்சில் தெரியவந்தது. தளம் போட வேண்டிய டட்லி, அதற்கு முந்தின நாள் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து முப்பதடி கீழே விழுந்து, எழுந்து, தூசியைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். சனிக்கிழமை கான்கிரீட் போட்டு முடித்தான். ஞாயிற்றுக்கிழமை கட்டிலைவிட்டு இறங்கும்போது கால் ஒடிந்தது. தாளில் பெயர் உள்ள யாரையும் அவரவர் வேலை முடியும்வரை எதுவும் அண்டாது என்று ஊருக்குப் புரிந்தது. ஈஸ்டர் வந்து போனது. மெர்வ் இரண்டு பன் கூடுதலாகத் தின்றார்.

மே கடைசியில் கூரையும் ஏறிவிட்டது. மிச்சம் கதவுதான். தீயணைப்புக் கேப்டன் ட்ரெவர் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு வந்து வாசலில் நின்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. நெரிடா பென்சிலைச் சீவினாள். தாளில் கதவு வரிக்கு மேல் ஒரு வரியைச் செருகி, 'நிறம் தேர்வு: கமிட்டி' என்று எழுதி அம்புக்குறியை இழுத்தாள். தேநீர்க் கோப்பை வாங்கவே பதினொரு மாதம் எடுத்துக்கொண்ட கமிட்டி அது. அடுத்த கூட்டத்தில் ட்ரெவரே எழுந்து பச்சைதான் வேண்டும் என்று வாதாடினார். வண்டி பெயிண்ட் இல்லாத கதவு வழியாகவே போய் வந்தது, தீயும் ஒழுங்காக அணைந்தது. வேலை ஏன் முடியவில்லை என்று மேலிடம் கடிதம் போடும்போதெல்லாம், விஷயம் பரிசீலனையில் இருப்பதாக நெரிடா பதில் போட்டாள்.

மெர்வ்தான் பொறுமை இழந்தார். வருடாவருடம் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் போவார், சிவப்புக்குக் கை தூக்குவார், தோற்றுத் திரும்புவார்.

"தொண்ணூத்தேழாச்சு எனக்கு. ஒரு கதவு, ஒரு டப்பா பெயிண்ட். அப்படி என்னதான் கஷ்டம் உங்களுக்கு?"

"கமிட்டி முடிவு பண்ணணும். என் கையில என்ன இருக்கு?"

"நீதானே கமிட்டி செயலாளர்."

"அதான் சொல்றேன், கிழவா. ஒண்ணும் இல்ல."

போன வருடம் டாக்டர் நெரிடாவின் இதயப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார், ஈஸ்டர் என்று ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தவள் தாளை விரித்து, கடைசி வரியில் மெர்வின் பெயருக்குப் பக்கத்தில் 'ஏணி பிடிக்க: நெரிடா' என்று எழுதினாள். இந்த முறை எழுத்து நேராக விழுந்தது. மெர்வ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

அந்த வாரம் கூட்டத்துக்கு அவர் பிரஷ் கொண்டுபோகவில்லை. சிவப்புக்கு ஆதரவாகக் கை தூக்கும் நேரம் வந்ததும் மெதுவாக எழுந்து நின்றார்.

"சிவப்பு கொஞ்சம் கண்ணைப் பறிக்குது. நீலத்தையும் யோசிச்சுப் பாக்கலாம்னு தோணுது."

ட்ரெவர் வழிமொழிந்தார். அடுத்த வருடத்துக்கு ஒத்திவைப்பதாக நெரிடா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு எல்லோரும் சாண்ட்விச் சாப்பிடப் போனார்கள்.