சோபாவில் படுக்கிறவன்

திருமதி ஹெப்வொர்த் ஈரக் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது சோபாவைத்தான். தலையணை, மடித்த போர்வை, ஓரமாக இரண்டு ஊன்றுகோல்கள், நடுவில் முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டோடு ராஸ். ஹெப்வொர்த் அரசு உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். வீட்டுக்காரி லியான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இவர்தானா?" என்று கேட்டார் அதிகாரி.

"நானேதான் மேடம்," என்றான் ராஸ். "எந்திரிச்சு வணக்கம் சொல்லலாம்னா காலு விடமாட்டேங்குது."

நேரம் காலம் தெரியாமல் என்ன கிண்டல் வேண்டிக் கிடக்கிறது என்று லியான் அவனை முறைத்தாள்.

யாரோ ஒரு புண்ணியவான் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் போட்டுக் கொடுத்திருந்தான். தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கிறேன் என்று உதவித்தொகை வாங்குகிறாளே, அவள் வீட்டில் ஓர் ஆள் குடியிருக்கிறான் என்று. இங்கிலாந்தின் இந்தக் கிரிம்ஸ்பி ஊரில் இப்படிப்பட்ட புண்ணியவான்களுக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு பேர் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றே காலத்தை ஓட்டுகிறார்கள். நாசமாய்ப் போக!

ஆள் இருந்தது உண்மை. அதை லியான் மறைக்கவும் இல்லை. ராஸ் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பன். சூதாட்டக் கடை இயந்திரத்தில் சம்பளத்தைக் கொட்டி, அப்புறம் வாடகைப் பணத்தையும் கொட்டியதால் மூன்று வருடத்துக்கு முன்னால் அவனை வெளியே அனுப்பியவள் அவள்தான். மீன் லாரி ஓட்டுகிறவன், லாரியின் பின்பக்கத்திலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டான். அவன் வாடகைக்கு இருந்தது மூன்றாவது மாடியில் ஓர் அறை, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியில் "உங்களைக் கூட்டிட்டுப் போக யாரு இருக்கா?" என்று கேட்டபோது அவன் லியான் பெயரைச் சொல்லிவிட்டான். தெரு நாய்க்குக் கால் ஒடிந்தாலே மனசு கேட்காது. மாவுக்கட்டு பிரிக்கும்வரை சோபாவில் படுத்துக்கொள் என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அவ்வளவுதானா என்பதைத்தான் இப்போது இந்த அம்மாள் தோண்ட வந்திருந்தார்.

இருவரும் ஜோடி என்று எழுதிவிட்டால் கதை கந்தல். லாரி நிறுவனம் ராஸுக்குக் கொடுக்கும் சம்பளம் முழுவதையும் லியான் வீட்டு வருமானம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, அவளுடைய உதவித்தொகையை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். ஆனால் அந்தச் சம்பளத்தில் பெரும்பங்கு அவன் கைக்கு வருவதற்கு முன்பே கடன்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. காகிதத்தில் அவன் குடும்பத்தைக் காப்பாற்றுவான், பிள்ளைகள் காகிதத்தையா தின்னும்? போதாததற்கு இத்தனை நாள் வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள். ஏமாற்றினாள் என்று வழக்கும் போடலாம்.

"துணியெல்லாம் யார் துவைக்கிறது?" ஹெப்வொர்த் மடிக்கணினியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"மெஷின் துவைக்குது."

"யார் போடறாங்க, லியான்?"

"நான்தான். ஒத்தைக் காலோட அவன் குனிஞ்சு போடுவானா?"

"சாப்பாடு?"

"ஒரே சட்டியிலதான். பிள்ளைங்களுக்கு ஆக்குறப்ப இவனுக்கு மட்டும் தனியா ஒரு உருளைக்கிழங்கு வேக வைக்கவா?"

"கோபப்படாதீங்க. நான் கேட்டுத்தான் ஆகணும். ராத்திரி?"

"ராத்திரி என்ன ராத்திரி? அந்தச் சோபா, அந்தப் போர்வை. மேல ஏற முடியாது அவனால. வேணும்னா படியில ஏறச் சொல்லிப் பாருங்க, விழுந்தா நீங்களே அள்ளிக்கங்க."

ஹெப்வொர்த் லேசாகச் சிரித்தார். கெட்ட பெண்மணி இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தலாம், இப்படித் தன்மையாகக் கேட்கிறவர்களிடம் வாய் தானாக உண்மையைக் கக்கிவிடும்.

இந்த நேரத்தில் சமையலறையில் கெட்டில் கொதித்து அணைந்தது. யார் வந்தாலும், ஜப்தி செய்ய வந்தவனாகவே இருந்தாலும், தேநீர் கொடுக்காமல் அனுப்ப அந்த ஊரில் யாருக்கும் மனம் வராது. ராஸ் எப்போது எழுந்து போனான் என்றே லியான் கவனிக்கவில்லை. "மேடம், உங்களுக்குச் சர்க்கரை?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"வேண்டாம், பால் மட்டும்."

ஒரு ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையாக நொண்டி நொண்டிக் கொண்டுவந்து வைத்தான். லியானுடையதில் கடும் தேநீர், ஒன்றரைக் கரண்டி சர்க்கரை, ஒரு சொட்டுப் பால். அவள் ஒரு வாய் குடித்த பிறகுதான் ஹெப்வொர்த்தின் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்.

"அவங்களுக்கு எப்படி வேணும்னு கேக்கவே இல்லையே நீங்க," என்றார் அதிகாரி ராஸிடம்.

அட பாவி மனுஷா! லியானுக்குக் கோப்பையை அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

"ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினேன் மேடம்," என்றான் ராஸ். "பிரிஞ்சா அதெல்லாம் மறந்துரணும்னு சட்டம் இருக்கா?"

"இல்லை." அவர் எதையோ தட்டினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "மறுபடி சேர்ந்து வாழறதைப் பத்தி உங்களுக்குள்ள பேச்சு ஏதாவது வந்துச்சா?"

பேச்சு வந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் மாடியில் இருந்தபோது, ராஸ் கேட்டான்: "லீ, இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கலாமா?" அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுப் பிரிக்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாள். இந்தச் சில வாரங்களில் அவன் சூதாட்டக் கடைப் பெயரைக்கூட எடுக்கவில்லை. மகள் ஃப்ரெயா கணக்குப் பாடத்தோடு அவன் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்திருந்தாள். சின்னவன் காலையில் இறங்கி வந்ததும் அம்மாவைத் தேடாமல் அவன் போர்வைக்குள் நுழைந்தான். படியில் நின்று அதைப் பார்த்த லியானுக்கு உள்ளுக்குள் பதில் தயாராகவே இருந்தது. அவனை அவளுக்கு இன்னும் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, அவனிடம்கூட.

"லியான்?" என்றார் ஹெப்வொர்த்.

"அது வந்து..."

"நான் கேட்டேன்," என்றான் ராஸ் சட்டென்று. "ஞாயித்துக்கிழமை. முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டா. செத்தாலும் உன்கூடச் சேரமாட்டேன், கட்டுப் பிரிச்ச அன்னைக்கே நடையைக் கட்டுன்னா. இதை வேற உங்க முன்னாடி சொல்லணுமா? எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கு மேடம்."

அவன் பொய் சொல்லும்போது எப்போதும் காதைச் சொறிவான். இப்போது கையை அடக்கிக்கொண்டு நேராக லியானைப் பார்த்தான்.

"அப்படியா, லியான்?"

"ஆமா," என்றாள் அவள்.

ஹெப்வொர்த் தட்டி முடித்தார். வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் முறை என்றார். அலுவலகத் தொனியில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ராஸ் என்பவர் என் முன்னாள் துணைவர். காயம் காரணமாகத் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறார். எங்களுக்குள் கணவன் மனைவி உறவு இல்லை. மீண்டும் சேர்ந்து வாழக் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். அவருடன் எதிர்காலத்தில் வாழும் எண்ணம் எனக்கு இல்லை.

ராஸ் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதாவது மாத்தணுமா?"

"இல்ல," என்றாள் லியான். அவர் நீட்டிய திரையில் கையெழுத்தும் போட்டாள்.

"அப்ப உங்க உதவித்தொகை அப்படியே தொடரும்." ஹெப்வொர்த் எழுந்தார். வாசலில் குடையை எடுத்தபோது குரலைத் தாழ்த்தி, "உங்க நல்லதுக்குச் சொல்றேன் லியான். நாளைக்கே மனசு மாறிச் சேர்ந்துட்டீங்கன்னு வைங்க, அவர் இங்க வந்த முதல் நாள்ல இருந்து எல்லாத்தையும் தோண்டுவோம். இன்னைக்கு நீங்க சொன்னதையும் சேர்த்துத்தான்," என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது ராஸ் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தான். "எப்படி? சினிமாவுல நடிச்சிருக்கணும் நான். மூஞ்சியில அடிச்ச மாதிரின்னேன் பாரு, அந்தம்மா நம்பிடுச்சு!"

லியான் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி ராஸிடம் ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சற்றுமுன் போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். பிள்ளைகளின் சோறு போய்விடும், அவளை மோசடிக்காரி என்பார்கள். இவன் திருந்தியிருக்கலாம், திருந்தாமலும் இருக்கலாம். அதைப் பொறுத்திருந்து பார்க்க அவளுக்கு இனி வழியே கிடையாது.

"லீ," என்றான் அவன். சிரிப்பு போய்விட்டிருந்தது. "கட்டுப் பிரிக்கிறவரைக்கும் என்னால பொறுக்க முடியாது. இப்பவே சொல்லு. என்ன சொல்ற?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ, அவனாகவே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேனே, ராஸ்," என்றாள். "முடியாதுன்னு."