வேர் தோண்டிய சரிவு

1944ஆம் வருஷம் ஆடி மாதம், ஆலத்தூர் நாடு என்ற மலைப்பகுதியில் மொட்டையாகக் கிடந்த ஒரு சரிவில் மறுபடி காடு உண்டாக்க அர்த்தனாரி கொல்லிமலைக்கு வந்தார். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய யுத்தகால லாரிகளுக்குக் கரி சுட, அங்கிருந்த மரங்களை இரண்டு வருஷத்துக்கு முன்பே வெட்டியிருந்தார்கள். காட்டு ஆராய்ச்சி படித்தவர் அவர், திட்டமும் அவருடையதே. மேற்குப் பாதியில் அடிக்கட்டைகளை வேரோடு தோண்டிவிட்டுத் தைல மரக் கன்றுகள் நடுவது, கிழக்குப் பாதியை வேலி கட்டி அப்படியே விடுவது. எது சீக்கிரம் காடாகிறது என்று பார்க்க வேண்டும்.

கூலிக்கு வந்தவர்களில் அத்தாயியும் ஒருத்தி. சரிவுக்கு நேர் கீழே இருந்த பன்னிரண்டு வீடுகள்தான் அவள் ஊர். ஒரு நாவல் கட்டையருகே கடப்பாரையோடு நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இது துளுத்திருக்குதுங்க. உசுரோட இருக்கற வேரை எதுக்குங்க தோண்டோணும்?"

"இது மரமாக இருபது வருஷம் ஆகும். புதுக் கன்னு அஞ்சு வருஷத்துல நிக்கும்" என்றார் அர்த்தனாரி.

அவள் தோண்டினாள்.

ஐப்பசி வரைக்கும் கன்றுகள் செழித்தன. அர்த்தனாரி பெருமையோடு அறிக்கை எழுதி அனுப்பினார். அப்புறம் மழை பிடித்தது. ஒரு காலை அத்தாயி ஊற்றுத் தண்ணீரை மொண்டு வந்து காட்டினாள். செம்மண் குழம்பாக இருந்தது.

"மூணு நாளா இப்பிடித்தானுங்க. மழை விட்டும் தெளியலீங்க."

அவர் மேலே ஏறிப் பார்த்தார். மேற்குப் பாதியின் உச்சியில் நிலம் நீளமாக வெடித்திருந்தது. கையை விட்டால் தோள்வரை போயிற்று. துளிர்விட்ட கட்டைகள் இருந்த வேலிப் பக்கம் வந்ததும் வெடிப்பு நின்றுவிட்டது. பழைய வேர்கள்தான் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன என்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்தது. ஆனாலும் அன்று முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அனுப்பிய அறிக்கை மனதை அழுத்தியது.

மறுநாள் வெடிப்பு இரண்டடி அகலமாகியிருந்தது. நேரே ஊருக்குள் ஓடினார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன். மலை இறங்கப் போகுது. எல்லாரும் கெளம்புங்க!"

அத்தாயியின் புருஷன் செங்கோடன் நகரவில்லை. "கதிரு முத்தி நிக்குதுங்க. விட்டுட்டு எங்கீங்க போறது?"

"எத்தனை குழி தோண்டினேன்னு எனக்குத் தெரியும். வா!" என்று அத்தாயி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஊரே ஆடு மாடுகளோடு கிழக்கே இருந்த பாறைக்கு ஏறியது. பாதி வழியில் செங்கோடன் திரும்பினான். "விதை ராகியை மட்டும் எடுத்துட்டு வாரேன்."

நண்பகல் தாண்டி மேற்குச் சரிவு அப்படியே வழுக்கியது. நட்ட கன்றுகள் வரிசை குலையாமல் நின்றபடியே கீழே போயின. பிறகு வீடுகள் தெரியவில்லை. செங்கோடனின் உடலை மூன்றாம் நாள் ஓடையில் எடுத்தார்கள்.

அர்த்தனாரி அத்தாயியின் முன்னால் தலை குனிந்து நின்றார். "ஒரு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். சொல்லலை."

"வேறெங்க தோண்டறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பெரக்கரை நாட்டில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அறிக்கையைப் படித்துத்தான் ஆரம்பித்திருந்தார்கள். இருவரும் மழையிலேயே நடந்தார்கள். அங்கே வேலையாட்கள் நடுவில் நின்று அத்தாயி புருஷன் செத்த விதத்தைச் சொன்னாள். அவர்கள் ஒவ்வொருவராகக் குழியை விட்டு ஏறினார்கள்.

ஆனால் அதற்குள் பாதிச் சரிவு குழியாகிவிட்டிருந்தது. கீழே நான்கு ஊர்கள். மழைக்காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.