மாடித் தக்காளிக்குத் தண்ணீர்

தக்காளி ஆனைவிலை குதிரைவிலை விற்றதால் தையல்காரர் மொட்டைமாடியில் பழைய வாளிகளில் செடி வளர்த்தார். விடிவதற்குள், யாரும் பார்க்காமல், குடியிருப்பின் பொதுத் தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் போட்டுத் தாராளமாகப் பாய்ச்சுவார்.

முதலில் பழுத்த நாலைந்தைப் பெரிய வள்ளல்போலக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொண்டுபோனார். அவளோ தெருக்குழாயிலிருந்து குடத்தோடு மூச்சு வாங்க வந்தாள்.

"என்னக்கா, வீட்டுல தண்ணி வரலையா?"

"எங்க தம்பி! தினம் காலையில தொட்டி காலி. மோட்டார் போடுறவரைத் திட்டாத திட்டில்ல."

தையல்காரர் பழங்களை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பினார்.

"நில்லு" என்று உள்ளே போனவள், கலங்கிய தண்ணீர் நிறைந்த வாளியோடு வந்தாள்.

"காய் கழுவுனது. கீழ ஊத்த மனசு வரல. உன் செடிக்குன்னு எடுத்து வச்சேன், கொண்டு போ. பாவம், இந்த வெயில்ல அதுங்க வாடிடக் கூடாதில்ல?"