இடது முழங்கையின் ஏழாவது பெனால்ட்டி

எங்கள் ஊர் ரோலர் டெர்பியில் தப்பு செய்த உறுப்பு மட்டும்தான் பெனால்ட்டி பெஞ்சில் உட்காரும். மற்ற ஊர்களில் ஆளையே உட்கார வைக்கிறார்களாம். ஒரு முழங்கை செய்த தப்புக்கு முழு ஆளும் ஏன் உட்கார வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கிக்குள் ஆட்டம் நடக்கும். சக்கர ஷூ மாட்டிய பெண்கள் முட்டை வடிவத் தடத்தில் சுற்றுவார்கள். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள் ஜாமர். எதிரணியில் ஒவ்வொருத்தியைத் தாண்டும்போதும் அவளுக்கு ஒரு புள்ளி. அவளைத் தோளாலும் இடுப்பாலும் மறிக்கலாம். முழங்கையால் இடித்தாலோ முதுகில் தள்ளினாலோ விசில் விழும். உடனே அந்த முழங்கை கழன்று வந்து பெஞ்சில் முப்பது விநாடி உட்காரும். அதற்குரியவள் மீதிக் கையோடு ஆடிக்கொண்டிருப்பாள். முழங்கை இல்லாத கை மடங்காது, அவ்வளவுதான்.

பெஞ்சில் நேரம் பார்ப்பது என் வேலை. முழங்கைகள் பொதுவாக நல்ல மாதிரி, வந்தோமா இருந்தோமா என்று போய்விடும். தலைகளோடுதான் ரோதனை. முப்பது விநாடியும் தொணதொணவென்று நியாயம் பேசும்.

ஒரே உறுப்பு ஒரு சீசனில் ஏழு பெனால்ட்டி வாங்கினால் ஊரை விட்டே போய்விட வேண்டும். அடுத்த சீசனில்தான் உடம்புக்குத் திரும்பலாம். இறுதி ஆட்டத்துக்கு வரும்போது மெர்லினின் இடது முழங்கை ஆறு வாங்கியிருந்தது. மெர்லின் இடது கைக்காரி, பேக்கரி வைத்திருப்பவள். முந்திரி மக்ரூனுக்கு முட்டை வெள்ளையைக் கையால்தான் அடிப்பாள். வலது கையால் அடித்தால் நுரை நிற்காது. கிறிஸ்துமஸுக்கு ஊரில் பாதிப் பேர் அவளிடம் மக்ரூன் சொல்லி வைத்திருந்தார்கள். முழங்கை போனால் கடையை மூட வேண்டியதுதான்.

நடுவர் பிலோமினா அக்கா மெர்லினுக்குச் சித்தி. அவர் விசில் ஊதும் அழகைப் பார்ப்பதற்கென்றே ஆட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. நான் நேரம் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கியதும் அதற்காகத்தான். முதலில் அணியின் நிறம், அடுத்து எண், அடுத்து கைச்சைகையோடு குற்றம். மூன்றையும் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விடுவார்.

கடைசிக்கு முந்தின சுற்றில், ரயில்வே காலனி ஜாமர் கனகலட்சுமி மெர்லினின் மேல் மோதி விழுந்தாள். பிலோமினா அக்கா ஊதினார்.

"வெள்ளை. எட்டு. முழங்கை."

முழங்கை கழன்று வாசலை நோக்கிக் கிளம்பியது. மெர்லினின் கேப்டன் கை தூக்கி மறுபரிசீலனை கேட்டாள்.

"சித்தி, தோளுதான் பட்டுச்சி. நீங்க சரியாப் பாக்கல" என்றாள் மெர்லின்.

உள்வட்டத்தில் நின்ற இன்னொரு நடுவர் ஜெபராஜும், "தோளுதான் அக்கா, நான் பாத்தேன்" என்றார்.

பிலோமினா அக்கா சற்று யோசித்தார். முழங்கையைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அது போய் ஒட்டிக்கொண்டது. பிறகு மறுபடியும் விசில் ஊதினார்.

"நடுவர். கண்."

அவருடைய இரண்டு கண்களும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தன. கடைசிச் சுற்று தொடங்கியதும் நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

கனகலட்சுமி உள்கோட்டை ஒட்டிப் பாய்ந்து வந்தாள். மெர்லினின் இடது முழங்கை அவள் விலாவில் இறங்கியது. ஜெபராஜ் தடத்தின் மறுபக்கம் வெள்ளை அணி ஜாமரின் பின்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பார்த்தேன், கண்களும் பார்த்தன. ஆனால் பெஞ்சில் இருப்பவை சாட்சி சொல்லக் கூடாது, நேரம் பார்ப்பவனும் சொல்லக் கூடாது. மெர்லின் தப்பித்தாள் என்று உள்ளூர சந்தோஷப்பட்டேன்.

பிலோமினா அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். தோள் இடித்தால் அரிசி மூட்டையை இறக்கி வைக்கிற சத்தம் வரும். முழங்கை இடித்தால் கதவைத் தட்டுகிற சத்தம். எட்டாம் எண்ணின் சக்கரம் எப்படி உருளும் என்பதும் அவருக்குத் தெரியும். ஊதினார்.

"வெள்ளை. எட்டு. முழங்கை."

முந்தைய கேள்வியில் நியாயம் இருந்ததால் கேப்டன் இன்னொரு முறை மறுபரிசீலனை கேட்கலாம். அவள் கையைத் தூக்கினாள். மெர்லின் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"இந்தத் தடவ முழங்கைதான், சித்தி" என்றாள்.

சித்தியையும் மகளையும் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்கள் இரண்டும் கலங்கியிருந்தன. நேரம் முடிந்ததும் துடைத்து அனுப்பினேன். முழங்கை வெளியே போய்த் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டது. வெள்ளை அணி தோற்றது.

மறுநாள் காலை பேக்கரிக்குப் போனேன். வாசலில் நீளமான வரிசை. மெர்லின் விறைத்த கையை மேஜைமேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டைகள் உடைக்காமல் அப்படியே இருந்தன. பிலோமினா அக்கா உள்ளே வந்தார். தன் இடது முழங்கையைக் கழற்றி மெர்லினின் கையில் பொருத்தினார்.

"இது இன்னிக்கி வரைக்கும் ஒரு பெனால்ட்டி வாங்கினதில்ல, கேட்டியா. அடுத்த சீசன்ல இப்படியே திருப்பித் தரணும்."

"நேத்து ஊதாம விட்ருக்கலாம்லா, சித்தி."

"ஊதாம விட்டுருந்தா இத எந்த மொகத்தோட உனக்குத் தருவேன்?"

மெர்லின் அழுதுகொண்டே முட்டைகளை உடைத்து அடிக்கத் தொடங்கினாள். நுரை பொங்கி நின்றது. அப்போது ஒரு மனிதர் பக்கவாட்டில் புகுந்து வரிசையின் முன்னால் வந்து நின்றார். மெர்லினின் கையில் இருந்த முழங்கை கிண்ணத்தை விட்டு உயர்ந்து, குறுக்கே புகுந்ததற்கான சைகையைக் காட்டியது. அவருடைய இரண்டு கால்களும் கழன்று, கடைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தன. வரிசையில் நின்ற ஒரு பெண் மிச்சமிருந்தவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசியில் வைத்தார். அந்த மனிதர் அங்கிருந்தே, முந்திரி தூக்கலாக அரைக் கிலோ வேண்டும் என்றார்.